வாலில்லா மணியரும் சிலம்பாயியின் கையும்

கண்ணுக்குத் தெரியாத உயிர் என்று ஒன்றுமே இல்லாத காலம் அது. இன்றைக்குக் கிருமி என்கிறோமே, அந்தச் சிற்றுயிர்கள் அப்போது கசகசா அளவில் இருந்தன. குனிந்து பார்த்தால் தெரியும். காது கொடுத்தால் பேசுவதும் கேட்கும்.

அவற்றில் மூன்று குலம் இருந்தது. உருண்டையாக இருந்தவர்கள் மணியர். குச்சிபோல் நீண்டிருந்தவர்கள் கோலர். முறுக்கிய கயிறுபோல் வளைந்திருந்தவர்கள் சுருளர். மூன்று குலத்தாருக்கும் ஆளுக்கு ஒரு வால் உண்டு. மயிரிழையைவிட மெல்லிய வால். ஈரத்தில் அதைச் சுழற்றினால் நீந்திப் போகலாம். காய்ந்த இடத்தில் வால் ஒட்டிக்கொள்ளும், ஓரடி நகர முடியாது. அதனால் குளத்திலும் வாய்க்காலிலும் சேற்றிலும் குடியிருந்தார்கள். எப்போதாவது மனித உடம்பில் கீறல் கண்டால் ஏறிக்கொள்வார்கள். மனிதர்கள் பார்த்துவிட்டுச் சாம்பலைத் தூவித் தட்டிவிடுவார்கள். அவர்களும் "போறோம், போறோம்" என்று இறங்கிப் போவார்கள். பெரிய பகை என்று ஒன்றும் இல்லை.

ஓடைமேடு என்ற ஊரில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுக்காரி. முகம் பார்ப்பதுதான் அவள் தொழில். கல்யாணம், சீர் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஈரத்துணியால் முகத்தைத் துடைப்பாள், தோலுக்குள் மடங்கி வளர்ந்த மயிரைக் காரைச்செடி முள்ளால் நெம்பி எடுப்பாள், பருவை அழுத்தி விடுவாள், கடைசியில் கலயத்திலிருந்து கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் குழைத்த விழுதை விரலால் அள்ளிப் பூசுவாள். அவள் கை பட்டால் கல்லும் பளபளக்கும் என்று பெண்கள் சொல்வார்கள். தாய் தகப்பன் கிடையாது. தங்கை நல்லக்காள் ஒருத்திதான் அவளுக்கு எல்லாம்.

ஒரு கோடையில் வாய்க்கால் வறண்டது. ஊர்க் கிணற்றில் வாளி தரை தட்டியது. அந்தக் கோடையில் நல்லக்காளுக்கு மூக்கோரம் ஒரு கட்டி வந்தது. முதல் நாள் மிளகளவு. மூன்றாம் நாள் நெல்லிக்காயளவு. நாலாம் நாள் காலையில் கண் மூடிக்கொண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"அக்கா, தலைக்குள்ள யாரோ உலக்கை போடுற மாதிரி இருக்குக்கா" என்றாள் நல்லக்காள்.

சிலம்பாயி அவளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து கட்டியை உற்றுப் பார்த்தாள். பழுத்த நுனியில் மணியர் சுண்டைக்காய்க் கொத்துபோல் ஒருவர்மேல் ஒருவர் அடைந்து கிடந்தார்கள். நாலைந்து பேர் ஏறிப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை.

"இறங்குங்க. இப்பவே இறங்குங்க" என்றாள்.

கொத்தின் உச்சியிலிருந்து மூத்த மணி பேசியது. அதன் குரல் கொசுவின் ரீங்காரம்போல் இருந்தது. "எங்க இறங்கச் சொல்ற? வாய்க்கால் பொடியாக் கெடக்கு. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் சேத்தோட காஞ்சு போயிட்டாங்க. கடைசியா இருந்த கொஞ்சம் தண்ணியில இந்தப் பொண்ணு வந்து மூஞ்சி கழுவினா. மூக்கோரத்துல ஒரு கீறல் இருந்துச்சு, ஏறிக்கிட்டோம். எங்களுக்கும் உசுருதானே?"

"அவ உசுரு போயிடும் போல இருக்கே!"

"தெரியுது. ஆனா இந்தக் கன்னம் முழுக்கக் காஞ்ச தரை. அதைத் தாண்டி எங்க வால் போகாது. யாராவது தூக்கிட்டுப் போனா உண்டு."

கிழக்கே ஒரு நாழிகை நடையில் நெடுங்குளம் இருந்தது. எந்தக் கோடைக்கும் வற்றாத குளம். சிலம்பாயி யோசித்தாள். துணியில் ஏந்திக் கொண்டுபோய் விடலாம். ஆனால் கட்டியைக் கீறினால் சீழும் நீரும் வழியும். அந்த ஈரத்திலேயே நீந்தி மறுபடி உள்ளே போய்விட்டால்? நாலு நாளாகத் தங்கை படும் பாட்டைப் பார்த்தவளுக்கு யார்மேலும் நம்பிக்கை வரவில்லை.

"வாலை அறுத்துக் குடுத்துடுங்க. அப்புறம் நானே தூக்கிட்டுப் போறேன்" என்றாள்.

மூத்த மணி கேட்டது: "வால் போச்சுன்னா நாங்களா எங்கயும் போக முடியாது. நீ வெச்ச எடம்தான் எங்க எடம். யோசிச்சுத்தான் கேக்குறியா?"

"நெடுங்குளத்துலதான் வெப்பேன்."

"சத்தியமா?"

"என் தங்கச்சி மேல சத்தியம்."

அவள் முள்ளை எடுத்துக் கட்டியைக் கீறினாள். நல்லக்காள் போட்ட கூச்சலில் கூரையில் இருந்த காகங்கள் பறந்தன. சீழோடு சீழாக மணியர் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முள்ளின் விளிம்பில் வாலை வைத்து இழுத்து அறுத்துக்கொண்டு, உருண்டு வந்து ஈரத்துணியில் விழுந்தார்கள். யாரும் அழவில்லை. குட்டி மணிகளின் வாலைப் பெரியவர்கள் அறுத்துவிட்டார்கள். கடைசியாக மூத்த மணி வந்து விழுந்தது.

நல்லக்காள் பெருமூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் கண் லேசாகத் திறந்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. குடத்தில் மிச்சம் இருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றி அவள் முகத்தைக் கழுவிய சிலம்பாயி, அறுபட்ட வால்கள் மிதந்த அந்தத் தண்ணீரைக் கொல்லைச் சாக்கடையில் கொட்டினாள். தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கழுவத் தண்ணீர் இல்லை.

துணியைச் சுருட்டிக்கொண்டு அவள் கிழக்கே கிளம்ப வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி வந்து நின்றது.

மேலக்காரையிலிருந்து செங்கோடன் வந்திருந்தான். அந்த ஊர்ச் சடையன் மகள் வடிவாச்சிக்கு மூன்றாம் நாள் கல்யாணம். அன்றைக்கு நலங்கு. செங்கோடன் பெண்ணுக்குத் தாய்மாமன்.

"என்னம்மா இது, உன்னை விடியக்காலமே எதிர்பார்த்து அங்க ஒம்பது பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. உச்சிக்குள்ள நலங்கு முடியணும்னு பூசாரி சொல்லியிருக்காரு. ஏறு, ஏறு."

"அண்ணே, நெடுங்குளம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"கிழக்க போயிட்டு மேக்க வர்றதுக்குள்ள உச்சி தாண்டிடும். என் மருமவ நலங்கைக் கெடுக்கப் போறியா?"

சிலம்பாயி கையில் இருந்த துணியைப் பார்த்தாள். துணியில் மணியர் வைத்தது வைத்தபடி கிடந்தார்கள். வால் இல்லாதது எங்கே போய்விடும் என்று நினைத்தாள். சாயங்காலம் திரும்பும்போது கொண்டுபோய் விட்டால் போயிற்று. துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, கலயத்தையும் முள்ளையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். அவசரத்தில் முகம் துடைக்கும் துணியை எடுக்க மறந்தாள். பாதி வழியில்தான் அது நினைவுக்கு வந்தது. இடுப்பிலும் அந்த நேரத்தில்தான் சன்னமாகச் சத்தம் கேட்டது.

"சிலம்பாயி, வெயில் சுடுது. குளம் எம்மாந் தூரம்?"

வண்டிச் சத்தத்தில் கேட்காதவள்போல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மேலக்காரையில் சடையன் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பெண்கள் காத்திருந்தார்கள். நடுவில் மணைப்பலகையில் வடிவாச்சி உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயது. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். தூணுக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில், சடையனின் தங்கை பேராயி நின்றிருந்தாள். புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷம். அண்ணன் வீட்டில் மாடு கன்று பார்த்துக்கொண்டு இருந்தாள். மணப்பெண்ணைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஆனாலும் மஞ்சள் புழங்கும் இடத்துக்கு அவள் வரக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

சிலம்பாயி சுற்றிலும் பார்த்தாள். வேறு துணி கேட்கலாம். கேட்டால், முகம் பார்க்க வந்தவள் துணி இல்லாமல் வந்தாளா என்று சிரிப்பார்கள். இடுப்புத் துணியை எடுத்தாள். மணியர் இருந்த பாதியை உள்ளே வைத்து மடித்தாள். வெளிப்பாதி சுத்தம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செம்புத் தண்ணீரில் அதை நனைத்தாள்.

"ஈரம் தெரியுதே! குளம் வந்துடுச்சா?" என்று துணிக்குள்ளிருந்து மூத்த மணி கேட்டது. கூடவே நூறு குரல்கள்: "வந்துடுச்சா? வந்துடுச்சா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலம்பாயி துணியை முகத்தருகே கொண்டுபோய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "பேசாதீங்க. இனிமே உங்க வாயிலேர்ந்து ஒரு சத்தம் வரக்கூடாது."

குரல்கள் பட்டென்று நின்றன.

"யாருகிட்டக்கா பேசுறீங்க?" என்று வடிவாச்சி கேட்டாள்.

"யாருமில்ல கண்ணு. நீ கண்ணை மூடிக்க."

சிலம்பாயி அவள் முகத்தைத் துடைத்தாள். தாடையோரம் மடங்கியிருந்த மயிரை முள்ளால் நெம்பினாள். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. துணியால் ஒற்றினாள். கலயத்துக்குள் விரலை விட்டு விழுதை அள்ளிப் பூசினாள். அடுத்த பெண். அதே துணி, அதே முள், அதே விரல், அதே கலயம். அடுத்தவள். துணி தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தது. மடிப்பு எப்போதோ குலைந்துவிட்டது. அதை அவள் கவனிக்கவில்லை. ஏழாமவள் ஒருத்தி இருந்தாள், மாராயி என்று பெயர். அவள் கைக்குழந்தை அழுததால், இடது கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே எழுந்து போய்விட்டாள். ஒன்பது பேரும் முடிந்தபோது சூரியன் உச்சியில் இருந்தது. விழுது மிச்சம் இருந்தது.

"அந்த அம்மாவுக்கு?" என்று சிலம்பாயி தூணைக் காட்டினாள்.

"அவளுக்கு எதுக்கு?" என்றாள் ஒருத்தி. பேராயி தலையைக் குனிந்துகொண்டு தொழுவத்துப் பக்கம் போய்விட்டாள்.

சிலம்பாயி வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் நெடுங்குளத்துக்குப் போய்த் துணியைத் தண்ணீரில் விரித்தாள். பத்துப் பதினைந்து மணியர்தான் உருண்டு விழுந்தார்கள். "போயிட்டு வாங்க" என்றாள். பதில் இல்லை. கோபமாக இருப்பார்கள் என்று நினைத்தாள். மற்றவர்கள் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று பயந்தது.

மூன்றாம் நாள் வடிவாச்சிக்குத் தாலி ஏறியபோதே தாடை வீங்கியிருந்தது. பூமாலையால் மறைத்தார்கள். ஐந்தாம் நாள் முகம் முழுவதும் கட்டி. அனலாகக் காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியாமல் "அத்தை, அத்தை" என்று பேராயியைத்தான் கூப்பிட்டாள். எட்டாம் நாள் இறந்தாள். மறுநாள் அவளுடைய சின்னம்மா மகள். அதற்கடுத்த நாள், பக்கத்து வீட்டில் புதிதாக வாழவந்த ஒருத்தி. நலங்கில் உட்கார்ந்த ஒன்பது பேரில் மூன்று பேர் போனார்கள். மிச்சம் ஆறு பேரும் சீழ் வடியும் முகத்தோடு பாயில் கிடந்தார்கள்.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்த ஊர்ப் பெண்களில் ஒன்றும் ஆகாதவள் பேராயி ஒருத்திதான். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

"தூணுக்குப் பின்னால நின்னு பாத்தாளே, அந்தக் கண்ணுதான் இத்தனை மணியரைக் கூட்டி விட்டுச்சு" என்றார்கள். "தனக்கு இல்லாத மஞ்சள் யாருக்கும் இருக்கக்கூடாதுன்னு நெனச்சிருக்கா." வடிவாச்சி காய்ச்சலில் கிடந்தபோதே அவளைத் தொழுவத்தில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். மூன்றாமவளின் பிணம் எரிந்து முடிந்ததும், பேராயியை மொட்டைப் பாறைக் காட்டில் கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. அந்தக் காட்டில் தண்ணீர் கிடையாது. போனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

இதற்கிடையில் ஆறு பேர் முகத்தையும் பார்க்கச் சொல்லி சிலம்பாயிக்கு ஆள் விட்டார்கள். அவள் போனாள். பேராயியைக் காட்டுக்கு அனுப்பும் பேச்சு அங்கே அவள் காதில் விழுந்தது. மாராயியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். இடது கன்னத்தில் மட்டும்தான் கட்டி இருந்தது. அவள் துடைத்த கன்னம். துடைக்காத வலது கன்னம் வழவழவென்று இருந்தது. கட்டியின் நுனியில் சுண்டைக்காய்க் கொத்துபோல் மணியர் அடைந்து கிடந்தார்கள்.

"இறங்குங்க" என்று குனிந்து சொன்னாள். பதில் இல்லை. "உங்க கால்ல விழறேன், ஒரு வார்த்தை பேசுங்க." அவர்கள் பேசவில்லை. ஒரு சத்தம் வரக்கூடாது என்று அவள்தானே சொன்னாள்?

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஒன்பது பேரைத் தொட்ட கை சுகமாக இருந்தது.

அவள் ஓடைமேட்டுக்கு ஓடினாள். வாலைத் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் இறங்கிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. கொல்லைச் சாக்கடையில் மண்டியிட்டாள். சேற்றில் கோலரும் சுருளரும் நீந்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நீந்திய விதமே மாறியிருந்தது. அவள் கொட்டிய வால்களை எல்லாம் அவர்கள் எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். கோலரில் சிலருக்கு உடம்பு முழுக்க வால். எல்லா வாலும் ஒன்றாகச் சேர்ந்து சுழன்றால் நேராகப் பாய்ந்தார்கள். அடுத்த நொடி ஆளுக்கொரு பக்கம் பிரிந்து இழுக்க, தலைகுப்புற உருண்டு, வேறு திசையில் கிளம்பினார்கள். அடுத்தவன் வால் எப்படிச் சொன்னபடி கேட்கும்? சுருளர் தங்கள் பங்கை இரண்டு முனையிலும் குஞ்சம்போல் கட்டிக்கொண்டு, திருகித் திருகிச் சேற்றைத் துளைத்துப் போனார்கள்.

"அந்த வாலுங்களைக் குடுத்துடுங்க. அது மணியரோடது" என்றாள் சிலம்பாயி.

ஒரு கோலன் உருள்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "கொட்டினவ நீ. எடுத்தவங்க நாங்க."

"மூணு உசுரு போயிடுச்சு. இன்னும் ஆறு பேர் கெடக்கறாங்க. வால் இல்லாம அவங்க எப்படி இறங்குவாங்க?"

"அவங்க எதுக்கு இறங்கணும்? குளத்துல நீந்தத்தான் வால் வேணும். இப்ப அவங்களுக்கு வால் எதுக்கு? நீங்க எல்லாரும் இருக்கீங்களே." கோலன் நிதானமாகப் பேசினான். "உன் கை போற எடமெல்லாம் அவங்க போவாங்க. நீ துடைச்ச துணி, நீ தொட்ட கலயம், நீ ஊதின தூசி. எங்க வால் ஈரத்துல மட்டும்தான் ஓடும். அவங்க வாலு ஊரு ஊராப் போகும்."

சிலம்பாயி சேற்றில் கையை விட்டு அவனைப் பிடிக்கப் பார்த்தாள். அவன் நழுவினான்.

"இன்னொண்ணும் கேட்டுக்க. காதுல விழுந்தும் வாயை மூடச் சொல்ற உங்ககிட்ட இனி என்ன பேச்சு? கண்ணால பாத்தும் மடிச்சு வெக்கறவங்களுக்கு எங்க மூணு குலமும் ஏன் தெரியணும்?"

அவள் கண்முன்னே அவர்கள் சிறுத்தார்கள். கசகசா, பாதிக் கசகசா, மாவுத்துகள், பிறகு தண்ணீரில் கரைந்த உப்புபோல் ஒன்றுமில்லை. சேறு மட்டும் மினுங்கியது. அது அசைகிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் எழுந்தபோது நல்லக்காள் கொல்லை வாசலில் நின்றிருந்தாள். மூக்கோரம் கட்டி ஆறி வடுவாகியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மேலக்காரைக்குப் போகாதக்கா. உன்னைக் கொன்னுடுவாங்க" என்றாள்.

"போகலன்னா அந்தப் பேராயியைக் கொன்னுடுவாங்க."

"அவ யாரோ. நீ எனக்கு அக்கா."

சிலம்பாயி தங்கையின் வடுவைப் பார்த்தாள். தொட்டுப் பார்க்கக் கை எழுந்தது. பாதியில் மடக்கிக்கொண்டாள். கலயத்தையும் முள்ளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மேலக்காரை மந்தையில் ஊர் கூடியிருந்தது. பேராயியை இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். தலைமயிர் அவிழ்ந்து, முழங்கை தேய்ந்து ரத்தம் கசிந்தது. அவள் அழவில்லை. வடிவாச்சி கூப்பிட்டபோது பூட்டிய கதவைத் தட்டித் தட்டி அழுகையெல்லாம் தீர்ந்திருந்தது.

"அவங்களை விடுங்க" என்றாள் சிலம்பாயி. "கண்ணு ஒண்ணுமில்ல. என் கை."

தங்கையின் கட்டியிலிருந்து ஆரம்பித்து, சத்தியம், துணி, மடிப்பு, பேசாதே என்று சொன்னது, சாக்கடையில் அவர்கள் கண்ணைவிட்டு மறைந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. சடையன் உட்கார்ந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டான். செங்கோடன்தான் முதலில் எழுந்தான். அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான்.

"நான்தானே உன்னை வண்டியில ஏத்திட்டு வந்தேன்! குளத்துக்குப் போகணும்னு சொன்னியே, எதுக்குன்னு சொன்னியாடி? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"சொல்லல அண்ணே. சொல்லியிருக்கணும்."

"அந்தக் கையை அடுப்புல வையுங்கடா" என்று யாரோ கத்தினார்கள். இரண்டு பேர் விறகு எடுக்கப் போனார்கள்.

"நில்லுங்க" என்றாள் பேராயி. நாலைந்து நாளாகப் பேசாத குரல் கரகரத்தது. "அவ கையை எரிச்சுட்டா, நாளைக்கு எவ கையால யாரு சாவப்போறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மணியரை இனிமே யாரும் கண்ணால பாக்கப் போறதில்லன்னு இவளே சொல்றா. கையில ஒட்டினது கையை விட்டுப் போகுமா, போகாதா? அதைப் பாக்கணும்."

"எப்படிப் பாக்கறது?"

"கழுவச் சொல்லுங்க. நம்ம கண்ணு முன்னாடி கழுவச் சொல்லுங்க. கழுவிட்டு என் மூஞ்சியைத் தொடட்டும். அன்னிக்கு அந்தப் பொண்ணுங்களுக்கு என்ன பண்ணாளோ, அத்தனையும் எனக்குப் பண்ணட்டும்."

சடையன் நிமிர்ந்து பார்த்தான். "செத்துப்போயிடுவே பேராயி."

"செத்தா உங்களுக்கு நல்லதுதானே அண்ணே? காட்டுக்குக் கொண்டுபோற வேலை மிச்சம். பொழைச்சா இவ சொன்னது மெய்யின்னு ஆகும். என் கண்ணும் பொல்லாத கண்ணு இல்லன்னு ஆகும்."

விறகு எடுக்கப் போனவர்கள் அதே விறகில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். மாராயியின் மாமியார் பழைய கலயத்தையும் முள்ளையும் நெருப்பில் போட்டாள். புது முள் ஒடித்து வந்து கொதிக்கும் தண்ணீரில் போட்டார்கள். புதுத் துணியையும் அதில் முக்கி எடுத்தார்கள். சிலம்பாயி பூந்திக்கொட்டை நுரையும் சாம்பலும் போட்டு, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் முழங்கை வரை தேய்த்தாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. பேராயி அவள் எதிரில் உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்த்தாள்.

"கட்டைவிரல்" என்றாள். சிலம்பாயி கட்டைவிரலைத் தேய்த்தாள்.

"மறுபடியும்."

மூன்று முறை கழுவ வைத்தாள். புதுக் கலயத்தில் குழைத்த விழுதை விரலால் தொடவிடவில்லை. கொட்டாங்குச்சியால் தனியே எடுத்து வைக்கச் சொன்னாள். பிறகு முகத்தை நிமிர்த்தினாள்.

சிலம்பாயி அந்த முகத்தைத் துடைத்தாள். தாடையோரம் ஒரு மயிரை நெம்பினாள். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. ஒற்றினாள். பன்னிரண்டு வருஷமாக யாரும் தொடாத கன்னத்தில் மஞ்சள் விழுதைப் பூசினாள். கூட்டத்தில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேராயியின் உதடு ஒரு தரம் துடித்தது. "அழுத்திப் பூசு. அவளுக்கு இப்படியா பூசினே?" என்றாள்.

இருவரையும் தொழுவத்தில் வைத்துப் பூட்டினார்கள். தினமும் காலையில் கதவைத் திறந்து பேராயியின் முகத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. தொழுவத்துக்குள் இருவரும் அதிகம் பேசவில்லை. ஒருநாள் சிலம்பாயி, "அன்னிக்கு நீங்க தூணுக்குப் பின்னாடி நின்னப்போ, உங்களுக்குப் பூசாம விட்டது மனசுக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றாள். பேராயி வைக்கோலைப் பார்த்தபடியே, "பூசாம விட்டதாலதான் இருக்கேன். அதையும் நெனச்சுப் பாத்தேன். சந்தோஷமா ஒண்ணும் இல்ல" என்றாள்.

எட்டாம் நாள் ஆறு பேரில் இன்னொருத்தி இறந்தாள். அந்தப் பறைச் சத்தம் தொழுவம் வரை கேட்டது. சிலம்பாயி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒன்பதாம் நாள் கதவு திறந்தபோது பேராயியின் முகம் தெளிவாக இருந்தது. முள் பட்ட இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஊர் சிலம்பாயியை விட்டது. மன்னிக்கவில்லை. சடையன் சாகும்வரை அவள் முகத்தில் விழிக்கவில்லை. மிஞ்சிய ஐந்து பேருக்கும் அவள்தான் புண் கழுவினாள். ஒருத்தி முகத்திலிருந்து அடுத்தவள் முகத்துக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கை கழுவினாள், புதுத்துணி எடுத்தாள். ஐந்து பேரும் வடுக்களோடு பிழைத்தார்கள். பேராயி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. இரண்டு மாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஊர் போனாள். போன ஊரிலெல்லாம், முகம் தொட வரும் கையை நீட்டச் சொல்லி, கழுவு என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்வாள் என்று கேள்வி. மற்ற பெண்களும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

அந்த நாள் தொட்டுத்தான் கோலர் பல வாலோடு பாய்ந்தும் உருண்டும் திரிகிறார்கள், சுருளர் திருகித் துளைத்துப் போகிறார்கள், வாலில்லாத மணியர் வாய் பேசாமல் நம் கையிலும் துணியிலும் தூசியிலும் ஏறி ஊர் ஊராகப் போகிறார்கள். இன்னொருவர் முகத்தைத் தொடுகிறவள், அந்த முகத்துக்கு உரியவள் பார்த்துக்கொண்டிருக்கத் தன் கையைக் கழுவுவதும் அந்த நாள் தொட்டுத்தான்.